கிழக்கே சாய்ந்த பிள்ளை

ஊரின் கிழக்குக் கோடியில் இருந்த குடிநீர் நிலையத்தில் புது வடிகட்டித் தொட்டி ஓட ஆரம்பித்த வாரத்திலிருந்து பசைக்காரியின் மகள் கிழக்கே சாய்ந்து நின்றாள். விழவில்லை. ஈர மண்ணில் நட்ட கம்பு மாதிரி சாய்ந்து நின்றாள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றால் முன்னால் நிற்கிற பிள்ளையின் தோளில் இவள் நெற்றி இடித்தது. வகுப்பு டீச்சர் "நேரா நில்லு" என்றாள். "நேராத்தான் டீச்சர் நிக்கிறேன், தரைதான் கோணலா இருக்கு" என்றது பிள்ளை. வாய்த்துடுக்கு என்று டீச்சர் பெஞ்சின் மேல் ஏற்றினாள். ஏறி நின்ற பிறகுதான் அது துடுக்கில்லை என்று தெரிந்தது, ஏனென்றால் அந்தச் சாய்வில் வேறு யார் நின்றிருந்தாலும் மூக்கு உடைந்திருக்கும். கண் டாக்டர் காதைப் பார்க்கச் சொன்னார், காது டாக்டர் முதுகைப் பார்க்கச் சொன்னார், முதுகு டாக்டர் செருப்பை மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். புதுச் செருப்போடு சாய்ந்தாள்.

பசைக்காரி என்பது ஊர் வைத்த பேர். ஊரின் மேற்குக் கோடியில் இருந்த ஆய்வுக்கூடத்தில் அவள் பாலிமர் வேலை செய்தாள். அங்கிருந்து வெளியே வரும்போதெல்லாம் விரல் இடுக்கில் ஏதாவது பிசுபிசுப்பு ஒட்டியிருக்கும், கடைக்காரர்கள் அவளிடம் காசு வாங்கியதும் விரலைத் துடைத்துக்கொள்வார்கள். ஆற்றின் மேல்கரையில் தண்ணீர் ஒட்டாத பூச்சு செய்கிற ஆலை ஒன்று இருந்தது. மழைக் கோட்டுக்கும் வாணலிக்கும் பூசுகிற பூச்சு. அதன் கழிவுக்கு நிறமில்லை, வாசனையில்லை, காய்ச்சினால் போகாது, மணலில் வடித்தால் நிற்காது. ஊர்ப் பிள்ளைகளின் நகம் முதலில் சாம்பல் நிறமாகும், பிறகு பகலெல்லாம் தூங்கும், பிறகு வயிறு வீங்கும். வயிறு வீங்கிய பிள்ளைகளைப் பற்றி ஊரில் யாரும் சத்தம் போட்டுப் பேசுவதில்லை. பசைக்காரி பல வருஷம் அந்த விஷத்துக்கு ஒரு பூட்டு தேடினாள். சோப்புக் கட்டியில் ஒரு சாவியை அழுத்தி எடுத்தால் சாவியின் பள்ளம் அதில் நிற்கும் இல்லையா, அந்த மாதிரிதான். விஷத்தை நடுவில் வைத்து அதைச் சுற்றிப் பாலிமரை வளர்க்க வேண்டும், வளர்ந்து இறுகியதும் விஷத்தை மட்டும் கழுவி வெளியே எடுத்துவிட வேண்டும். உள்ளே அதன் உருவத்தில் பள்ளம் இருக்கும். பிறகு அந்தப் பாலிமர் மணிகளை எந்தத் தண்ணீரில் போட்டாலும், ஆயிரம் சரக்கு கலந்திருந்தாலும், அந்த விஷம் மட்டும் வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். படிப்பதற்குச் சுலபம். அவள் செய்த மணிகளில் விஷம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது.

கடைசியாகப் பெரிய பாத்திரத்தில் கலவை போட்ட அன்று கண்ணாடிக் குப்பி ஒன்று அவள் கையில் நொறுங்கியது. ஒரு சொட்டு ரத்தம் உள்ளே விழுந்தது. சந்தேகம் வந்தால் கொட்டிவிடு என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம், அதை எத்தனையோ மாணவர்களுக்கு அவளே சொல்லியிருக்கிறாள். ஆனால் பாத்திரத்தில் நைட்ரஜன் ஓட ஆரம்பித்துவிட்டது, திறந்த மூலப்பொருள் நாளைக்குத் தாங்காது, மறுபடி வரவழைத்தால் மழைக்காலம் தாண்டிவிடும். இவ்வளவு பெரிய பாத்திரத்தில் ஒரு சொட்டு என்ன பண்ணிவிடப் போகிறது என்று மூடியைத் திருகிவிட்டாள். அந்தக் கலவைதான் வேலை செய்தது. கடுகைவிடச் சற்றுப் பெரிய, பால் நிற மணிகள். ஆற்றுத் தண்ணீரை ஒரு தடவை அதன் வழியாக விட்டால் போதும், மறுபக்கம் விஷம் என்ற பேச்சே இல்லை. தேர்தலுக்கு முன்னால் வரம் கிடைத்தது மாதிரி நகரத் தலைவர் ஓடி வந்து மணிகள் நிரப்பிய தொட்டியைத் திறந்து வைத்தார். அடுத்த பருவத்திலேயே பிள்ளைகளின் நகத்தில் அடியிலிருந்து ரோஜா நிறம் ஏற ஆரம்பித்தது.

மணிகளைக் கழுவும்போது விஷம் வெளியே போனது, ரத்தமும் போனது. விஷத்தின் பள்ளம் இருந்தது, ரத்தத்தின் பள்ளமும் இருந்தது, அது தன் ரத்தத்தைத் தேடி இழுத்தது. இது புரிய அவளுக்குச் சில மாதம் ஆயிற்று. அதற்குள் தபால் நிலையத்தில் வேலை பார்த்த அவள் அக்கா கவுன்ட்டரில் ஒரு பக்கமாகவே சாய்ந்து முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். "ஏன்டி, எனக்கு இடுப்புல ஏதோ கொக்கி மாட்டி இழுக்குற மாதிரி இருக்கு" என்று தங்கையிடம் வந்து சொன்னாள். தூரத்து உறவு என்று சொல்லி எல்லா விசேஷத்திலும் முதல் பந்தியில் உட்கார்கிற மாமா ஒருவர் மட்டும் கொடிக்கம்பம் மாதிரி விறைப்பாக நின்றார். அவர் அதற்குப் பிறகு அவ்வளவாக வரவில்லை. அப்படியென்றால் பசைக்காரியும் சாய்ந்திருக்க வேண்டுமே என்று கேட்பார்கள். சாய்ந்தாள்தான். தொட்டி வந்த பிறகு அவள் வேலை பெரும்பாலும் அங்கேதான், எப்போதும் அதை நோக்கியே ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "வேலைக்குப் போறப்ப பறக்குறே, வீட்டுக்கு வர்றப்ப மலை ஏறுற மாதிரி வர்றே" என்று அவள் புருஷன் குறைப்பட்டுக்கொண்டே இருந்தான். அது நூற்றுக்கு நூறு சரி என்று அவனுக்கும் அப்போது தெரியாது. பெரியவர்களுக்கு உடம்புக் கனம் இருந்தது, தாங்கிக்கொண்டார்கள். பிள்ளை லேசு.

மணிகள் விஷத்தைக் குடித்து நிறைந்திருக்கும்போது சோம்பிக் கிடக்கும், இழுவை குறையும். கழுவி எடுத்தால் பசியோடு இருக்கும், அன்றைக்குப் பிள்ளையைக் கட்டில் காலில் கட்ட வேண்டிவரும். ஒரு கழுவும் நாளில் பிள்ளைக்குப் பால் பல் விழுந்தது. விழுந்த பல் தரைக்கு வரவில்லை. ஜன்னல் கண்ணாடியில் பொட்டு மாதிரி ஓட்டை போட்டுக்கொண்டு போயிற்று. மறுநாள் தொட்டிக்குள் ஓரிடத்தில் மணிகள் முஷ்டி அளவுக்குத் திரண்டு கெட்டியாகக் கிடந்தன. பசைக்காரி அதை வெளியே எடுத்துக் கத்தியால் பிளந்தாள். நடுவில் பல் இருந்த இடத்தில் பல்லின் வடிவத்தில் வெற்றிடம்தான் இருந்தது. அன்று மாலை சோற்றைப் பிசைந்துகொண்டே புருஷனிடம் சொன்னாள். "அன்னிக்குக் கை அறுத்துக்கிட்டேனே, நினைவிருக்கா? அதுல ஒரு சொட்டு உள்ள விழுந்துடுச்சுங்க." அவன் லிஃப்ட் மெக்கானிக். எடையும் எதிர் எடையும் அவனுக்குச் சோறு போடுகிற விஷயம். "பிள்ளை அங்க போய்ச் சேர்ந்தா?" என்றான். அவள் பிசைந்த சோற்றைத் தட்டோடு தள்ளி வைத்தாள். "சுவர்ல ஒரு கொக்கி போடணும்" என்று எழுந்து போனான்.

அவள் சுத்தமாகக் கையுறை போட்டுக்கொண்டு அதே கலவையை மறுபடி செய்தாள். அந்த மணிகள் ஒன்றையும் பிடிக்கவில்லை. மறுபடி செய்தாள், பிடிக்கவில்லை. தன் ரத்தத்தை மறுபடி விட்டால் இழுவைதான் கூடும், அதனால் கறிக்கடையிலிருந்து ஆட்டு ரத்தம் வாங்கி ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். விஷம் அசையவில்லை, கறிக்கடை வாசலில் கட்டியிருந்த ஆடுகள் மட்டும் ஒரே நேரத்தில் மேற்கே தலை திருப்பின. பிள்ளையை வேறு ஊரில் சித்தப்பா வீட்டில் விடலாமென்று பஸ்ஸில் ஏற்றினார்கள். விளக்கை விட்டுத் தள்ளிப் போனால் வெளிச்சம் குறையும், இது குறையவில்லை. தூரத்துக்கும் இழுவைக்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்தது. பிள்ளை பின் சீட்டில் அப்பிக்கொண்டு கிடந்தாள், மூக்கிலிருந்து ரத்தம் பின்னோக்கி ஓடிக் காதுக்குள் போயிற்று. "குழந்தைக்கு பஸ் ஒத்துக்கல, இறங்கிக்கங்க" என்றார் கண்டக்டர். எதிர்ப்பக்கம் வந்த முதல் பஸ்ஸில் திரும்பினார்கள். அந்தப் பயணம் சீக்கிரம் முடிந்தது.

இந்த நிலையில்தான் ஊருக்கு நல்ல காலம் பிறந்தது. ஆலையை மூடச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஊரே தெருவில் நின்று கை தட்டியது, பசைக்காரியும் தட்டினாள், தட்டிக்கொண்டிருக்கும்போதே கையை இறக்கினாள். ஆற்றில் விஷம் குறைந்தால் மணிகளுக்கு ஆகாரம் குறையும். அப்படியே ஆயிற்று. தொட்டி நாள் முழுக்கப் பசியோடு கிடந்தது. பிள்ளையின் கால் தரையை விட்டு எழும்பியது. லிஃப்ட் வேலைக்கு மாட்டுகிற இடுப்புப் பட்டையைச் சின்னதாகத் தைத்து அவளுக்கு மாட்டி, கம்பிக் கயிற்றால் மேற்குச் சுவரில் பிணைத்தான் அப்பன். அவள் கூடத்தின் குறுக்கே, துவைத்துப் போட்ட துணி காற்றில் நிற்பது மாதிரி, படுக்கை வாக்கில் மிதந்துகொண்டு வீட்டுப்பாடம் எழுதினாள். அக்கா வந்து கிழக்குச் சுவரில் முதுகைக் கொடுத்துக்கொண்டு சோறு ஊட்டினாள். "பெரியம்மா, தலைகீழா விழுங்கினா சோறு வயித்துக்குப் போகுமா?" "உன் வாய்க்கு எங்க வேணும்னாலும் போகும், முதல்ல மெல்லு." அப்பன் தினமும் கயிற்றைப் பிரி பிரியாகத் தடவிப் பார்த்தான். கயிறு தாங்கும், பிள்ளை தாங்குமா என்பதுதான் கணக்கு. பட்டை பதிந்த இடத்தில் இடுப்பு நீலம் பாரித்திருந்தது. ராத்திரி திரும்பிப் படுக்கும்போது விலா எலும்பு நறநறவென்றது.

தொட்டியை நிறுத்திவிடுவதுதானே? அதுதான் முடியவில்லை. ஆலை போனாலும் ஆற்றுச் சேற்றில் அத்தனை வருஷத்து விஷம் படிந்து கிடந்தது, ஒவ்வொரு மழையும் அதைக் கிளறிவிட்டது. நகர மன்றத்தில் கூட்டம் கூடியது. பசைக்காரி எழுந்து நின்று, இந்த மணிகளைக் கரைத்துவிடப் போவதாகவும், வேறு வழி கண்டுபிடிக்கும் வரை வெளியூரிலிருந்து லாரியில் தண்ணீர் கொண்டுவர வேண்டுமென்றும் சொன்னாள். "எத்தனை நாளைக்கு?" என்றார் குடிநீர் நிலையப் பொறியாளர். "தெரியலை." "கண்டுபிடிக்க முடியலன்னா?" அப்போது கொத்தனார் ஒருவர் எழுந்தார். இரட்டைப் பிள்ளைகள் அவருக்கு, இரண்டும் ஒரு காலத்தில் பகலெல்லாம் தூங்கியவை. "நான் கெட்டவன் இல்லம்மா" என்றார். "என் பிள்ளைங்க நகம் இப்பத்தான் சிவந்திருக்கு. உங்க பிள்ளை படுற பாடு எனக்குத் தெரியும், நான்தான் உங்க வீட்டுச் சுவத்துல கொக்கிக்கு சிமென்ட் போட்டேன். ஆனா உங்க கையால கொடுத்ததை உங்க கையாலயே பிடுங்காதீங்க." யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்குச் சண்டை பிடிக்க வசதியாக இருந்திருக்கும். கூட்டம் முடிந்த அன்றே நிலையத்துப் பூட்டை மாற்றினார்கள், சாவி அவளிடம் தரப்படவில்லை.

முதல் பெருமழை வந்தது. ஆறு கலங்கியது, மணிகளின் மேல் வழவழப்பு ஏறியது, இரண்டு தெருவில் பிள்ளைகளின் நகம் மறுபடி மங்கியது. கழுவியே ஆக வேண்டும், கழுவ அவளைத் தவிர வேறு ஆளும் இல்லை. கழுவுகிற நீரில் விஷம் திரண்டிருக்கும் என்பதால் அதைக் குடிநீர்ப் பக்கம் வைத்துக்கொள்வதில்லை. மணிகளை டிரம்மில் அள்ளி வேனில் ஏற்றி, ஊரைத் தாண்டி, மேற்குக் கோடியில் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவதுதான் வழக்கம். எப்போதும் எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்துப் போவாள், வேனுக்குள் அவளே உட்கார்ந்து வருவதால் போகிற வழியில் பிள்ளை எந்தப் பக்கம் சாய்கிறாள் என்று பார்த்ததும் இல்லை, அந்த நேரம் வீட்டிலும் எல்லோரும் பிள்ளையைப் படுக்க வைத்து அமுக்கிப் பிடித்திருப்பார்கள். இந்தத் தடவை ஊர் அவளை நம்பவில்லை. பாதியை மட்டும் எடுங்கள், அது திரும்பி வந்த பிறகு மீதி என்று பொறியாளர் சொல்லிவிட்டார். காவலுக்குக் கொத்தனாரை அனுப்பினார்கள். வேனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு வந்தார்.

ஆய்வுக்கூடத்தில் கழுவும் தொட்டியில் மணிகளைக் கொட்டினாள். கழுவுவதற்கு ஒரு லேசான அமிலம் உண்டு, வெள்ளை டிரம்மில். அதன் பக்கத்தில் கறுப்பு டிரம் ஒன்றைக் காலையிலேயே உருட்டி வைத்திருந்தாள், அதில் இருந்தது காரம். ஊற்றினால் மணிகள் கூழாகிவிடும், அதற்கு மேல் எந்தப் பள்ளமும் மிஞ்சாது. பாதியை இன்றைக்கு, மீதியை எப்படியாவது நாளைக்கு. நீளமான கையுறையை மாட்டிக்கொண்டு கறுப்பு டிரம்மின் மூடியைத் திருகினாள். "எப்பவும் ஊத்துறதாம்மா அது?" என்றார் கொத்தனார், நாற்காலியிலிருந்து அசையாமல். "எப்பவும் ஊத்துறதுதான்." "கையுறை வேறயா இருக்கே." "பழசு கிழிஞ்சுபோச்சு." மூடி கழன்றது. அவர் எழுந்து நின்றார், ஆனால் கிட்டே வரவில்லை. சுண்ணாம்போடு புழங்கின ஆளுக்கு, வாசனை எட்டாவிட்டாலும், அது காரம் என்று கண்ணாலேயே தெரிந்திருக்கும். அவர் கண் அவள் கையில் இருந்தது, அவள் கண் மணிகளில் இருந்தது. டிரம்மைச் சாய்க்க அவள் குனிந்தபோது சுவரில் தொலைபேசி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. "எடுங்க, பிள்ளை விஷயமா இருக்கும்" என்றார் அவர்.

"கயிறு தளர்ந்துடுச்சு!" என்று கத்தினான் புருஷன். "எந்தப் பக்கம் போனா? ஜன்னலா, வாசலா? ஏங்க, சொல்லுங்க!" "போகலை. எங்கயும் போகலை. கயிறு அறுந்துடுச்சுன்னு நினைச்சுப் பாய்ஞ்சு பிடிச்சேன். அறுகலை. தொங்குது, தொய்ஞ்சு தொங்குது. இவ தரையில நிக்கிறா." "தரையில கால் இருக்கா?" "ரெண்டும் இருக்கு." பின்னாலிருந்து பிள்ளையின் குரல் கேட்டது: "அம்மா, இப்பத் தரை நேரா இருக்கு!" பசைக்காரி தொலைபேசியைக் காதில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தாள். கிழக்குக் கோடியில் பாதி, மேற்குக் கோடியில் பாதி, நடுவில் வீடு. அந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவே இந்தப் பக்கமும் இழுக்கிறது. லிஃப்ட் மெக்கானிக் மறுமுனையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான், பிறகு மெதுவாக, "ஏய், இது எதிர் எடைடி" என்றான். அவள் வந்து கறுப்பு டிரம்மின் மூடியை இறுக்கித் திருகினாள். "ஊத்தலையா?" என்றார் கொத்தனார். "இல்ல. இது வேற." அவர் அந்த டிரம்மைத் தானே உருட்டிக்கொண்டுபோய் வெளியே மதிலுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்து, பழையபடி நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் அதைப் பற்றிக் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை என்பார்கள். பிறகு ஊருக்கே எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்டதில்லை.

ஆனால் இரண்டு கோடிக்கும் நடுவில் ஒரு கோட்டின் மேல் மட்டும்தான் பிள்ளையால் நேராக நிற்க முடிந்தது. கோட்டை விட்டு விலகினால் சாய்ந்தாள். தொட்டிக்கும் பாதி மணி போதவில்லை. கடைசியில் தொட்டியே வேண்டாமென்று முடிவாயிற்று. எல்லா மணிகளையும் சின்னத் துணிப் பைகளில் பங்கு போட்டு, வீட்டுக்கு வீடு, குழாயடியில் வைக்கிற குடிநீர்ப் பாத்திரத்துக்குள் போட்டுவிடுவது. ஒவ்வொரு வீடும் தன் தண்ணீரைத் தானே சுத்தம் செய்துகொள்ளும், பிள்ளையை எல்லா வீடும் எல்லாப் பக்கமும் இழுக்கும். பசைக்காரி பைகளைக் கூடையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் படி ஏறினாள். சிலர் கதவைப் பாதி திறந்தார்கள். எதிர்வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அப்ப உன் பிள்ளையை என் தண்ணிப் பானையில கட்டிப்போடச் சொல்றே?" என்றாள். "ஆமாக்கா." "ஒழுங்கா வைக்கலைன்னா?" "உங்க பக்கம் குறைஞ்சு எதிர்ப் பக்கம் விழுவா." எதிர்வீட்டுக்காரி முந்தானையில் கையைத் துடைத்து நீட்டினாள். "கொடு. பெரிய பையா பார்த்துக் கொடு, என் வீடு மூலை வீடு" என்றாள். கொத்தனார் வீட்டுக்கு இரண்டு பை, இரட்டைப் பிள்ளைகள் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டன.

கடைசிப் பை போன மறுநாள் பிள்ளை வாசலுக்கு வந்து தெருவில் நடந்தாள். அப்பன் பின்னாலேயே கம்பிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நடந்தான், அவளை விட்டுப் பத்தடி தள்ளி. அவன் அப்படி நடப்பதை நிறுத்த இரண்டு வருஷம் ஆயிற்று. முதல் வருஷம் பயமாகத்தான் போனது. ஒரு குடும்பம் வெளியூர் போய்ப் பானை காய்ந்தால் போதும், பள்ளிக்கூட மைதானத்தில் அவள் கால் இடறும். காய்ந்த மணி இழுக்காது. கோபத்தில் ஒருவர் பையைக் குப்பையில் எறிந்த அன்று குப்பை வண்டி போன பக்கமெல்லாம் அவள் திரும்பிக்கொண்டே இருந்தாள். பிறகு ஊர் பழகிக்கொண்டது. ஊருக்குப் போகிறவர்கள் பாலுக்குச் சொல்வது மாதிரி பைக்கும் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்கள். கழுவுகிற முறை தெருவுக்குத் தெரு மாறி மாறி வந்தது, எதிர் எதிர்த் தெருவாகப் பார்த்து வைத்தாள் பசைக்காரி. நகங்கள் சிவந்தே இருந்தன. அக்கா நேராக உட்கார்ந்து முத்திரை குத்தி ஓய்வு பெற்றாள். பசைக்காரிக்கு வேலைக்குப் போகிற நடையும் திரும்பி வருகிற நடையும் ஒன்றாகிவிட்டன. புருஷன் அதற்கும் ஒரு குறை சொன்னான்.

மகளுக்குக் கடற்கரை நகரத்தில் கல்லூரி கிடைத்தபோது, ஊர் எல்லை தாண்டினால் ஊர்ப் பக்கமே விழுவாளே என்று பசைக்காரி கையைப் பிசைந்தாள். எல்லா வீட்டிலும் ஒரு ஸ்பூன் மணி எடுத்தார்கள். வழியில் இருக்கிற ஊர்களுக்கும் அந்த நகரத்துக்கும் அப்பாலுள்ள சில ஊர்களுக்கும் அது அவளுக்கு முன்னாலேயே போயிற்று. அவர்களும் ஆற்றோர மக்கள்தான், அவர்கள் பிள்ளைகளுக்கும் நகம் இருந்தது. மகள் படித்து முடித்துத் திரும்பி, இப்போது அதே ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். இன்னும் மணிகளைத் திரும்பச் செய்ய முடியவில்லை.

போன வாரம் மழை விட்ட மாலையில் அவள் டீக்கடை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். பாதி குடித்திருக்கும்போது வடக்கே சாய்ந்தாள். நல்ல சாய்வு. கடையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் தெற்குத் தெருப் பக்கம் தலையை நீட்டி, "எவங்க வீட்டுல பானையைக் காய விட்டது?" என்று குரல் கொடுத்தார். அங்கே கதவுகள் திறந்தன, யாரோ யாரையோ திட்டினார்கள், ஒரு குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அவள் சாய்ந்தபடியே மிச்ச டீயை ஊதி ஊதிக் குடித்தாள். டம்ளர் சாய்ந்தும் டீயின் மட்டம் நேராக இருந்தது.